அத்தை ஏறிய 24 படிகள்

என் கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவதென்று முடிவானதும், "நானும் வரேன்" என்றார் என் மாமியார். வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தைக்கு 74 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கை என்னவோ கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாசற்படி தாண்டுவதே அபூர்வமாகிவிட்டது.

இதில் என் பங்கு உண்டு சகோதரிகளே, மறைப்பானேன்! "நீங்க உட்காருங்க அத்தை, நான் எடுத்துத் தரேன்" என்று தண்ணீர், தட்டு, துணி எல்லாம் கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல மருமகள் என்று பெயரும் வாங்கினேன். ஆறு மாதத்தில், நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியதாயிற்று. டாக்டரம்மா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விழுந்ததால கை உடைஞ்சது. ஆனா காலைக் கெடுத்தது நீங்கதாம்மா" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பேத்திக்குப் புடவை நான் எடுக்காம வேற யாரு எடுப்பாங்க?" என்று அத்தை பிடிவாதமாக நிற்க, சரியென்று கிளம்பினோம். பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளும் ஐந்து மாதக் குழந்தையோடு சேர்ந்துகொண்டாள். வேலூரிலிருந்து பஸ். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, பிள்ளையார்பாளையத்தில் என் ஓரகத்திக்கு ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கினோம். அது தறி வீடு.

விடியற்காலையில் வாசலுக்கு வந்தால், தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு! மாம்பழ நிறம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமாம். நாலைந்து பேர் இரு பக்கமும் நின்று இழை இழையாகப் பிரித்து, கஞ்சி தடவி நீவிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள்காரர்கள் மணியடிக்காமல் ஓரமாக இறங்கிப் போகிறார்கள். அந்தத் தெருவுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

வீட்டுக்குள் குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, கால்களைப் பள்ளத்துக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். கை நாடாவை வீசுகிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்து இரண்டையும் பிணைப்பதுதான் கோர்வை. காஞ்சிப் பட்டின் பெருமையே அதுதான். அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

"அந்த இன்னொரு ஆள் நான்தான். எட்டு வயசுல எங்கப்பா பக்கத்துல உட்கார்ந்தேன்" என்றார் அக்கா. இப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு பிள்ளைகள் தறியில்தான் வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் என்பது இரண்டாம் பட்சம். தன் பிள்ளைகளை அப்படி உட்கார வைக்கவில்லை என்று அக்கா சொன்னபோது குரலில் ஒரு திருப்தி. கல்யாணமான பிறகு தறியில் உட்கார்ந்தாராம். பக்கத்தில் தூளி கட்டி, அதன் கயிற்றை ஒரு கையால் இழுத்துக்கொண்டே நெய்வாராம். இப்போது கண் மங்கியதால் தார் சுற்றுகிறார்.

நான் உடனே, "உங்களுக்கு வேலையே உடற்பயிற்சி அக்கா, எங்களைப் போலவா?" என்றேன். அவர் சிரித்தார்.

"அப்படித்தான் நானும் நினைச்சேன். நாள் முழுக்க குனிஞ்சே உட்கார்ந்தா அது எப்படிம்மா பயிற்சியாகும்? முதுகு போச்சு. கை, கால் ஒரே மாதிரி ஆடுது, மத்ததெல்லாம் மரத்துப்போச்சு. டாக்டர் சொன்னாரு, அரை மணிக்கொரு தரம் எழுந்து நில்லு, காலையில நடன்னு."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு 46 வயது. "வீட்டு வேலை செய்கிறேனே, போதாதா?" என்று நடைக்குக் கூப்பிடும் என்னவரிடம் சொல்லித் தட்டிக் கழிப்பவள் நான். சமையலறையில் நாள் முழுவதும் நிற்பதென்னவோ நிஜம். ஆனால் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் நடக்கிறேனா? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரையில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது, சற்று மூச்சு வாங்கும்படியான நடை போன்ற அசைவு வேண்டும் என்கிறது. 65 வயதுக்கு மேல் அதோடு, கால் வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் வாரத்தில் மூன்று நாள் தனிப் பயிற்சி செய்ய வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் கெட்டி வேகமாகக் குறைவதால், என் வயதுக்காரர்கள் இப்போதே கவனிக்க வேண்டும். கேழ்வரகும் எள்ளும் நல்லதுதான். ஆனால் அசையாத எலும்புக்கு அவை மட்டும் போதாது.

அக்காவின் காலை நடை கைலாசநாதர் கோயிலுக்கு. நாங்களும் கூடவே போனோம். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில், 1300 வருஷத்துப் பழசு. மணற்கல்லில் அந்தச் சிங்கங்களும், பிராகாரத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகளும், சிலவற்றில் மிஞ்சியிருக்கும் வர்ணப் பூச்சும்... கூட்டமே இல்லை. புல்தரையில் குழந்தையை விரிப்பில் விட்டோம்.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி உண்டு. குனிந்து தவழ்ந்து நுழைந்து, அதேபோல் வெளியே வர வேண்டும். அப்படி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. என் மகள் விருட்டென்று போய் வந்துவிட்டாள். நானோ பாதியில் இடுப்பு இடித்து, மூச்சு வாங்கி, வெளியே வந்தபோது முட்டி இரண்டும் கெஞ்சின. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னொரு பிறவி வேணும்மா. நான் வரல" என்றாரே பார்க்கலாம்!

அங்கே உட்கார்ந்திருந்தபோது மகள் மெதுவாக ஒன்று சொன்னாள். பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், சிரித்தால் கொஞ்சம் சிறுநீர் கசிகிறதாம். வெட்கப்பட்டுச் சொல்லவில்லையாம். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லாம பல வருஷம் கஷ்டப்பட்டேன்" என்று அத்தை பட்டென்று சொன்னதும் நாங்கள் இருவரும் திகைத்துப் போனோம். ஊர் திரும்பியதும் மகளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கிச் சில விநாடிகள் வைத்து, பிறகு தளர்த்த வேண்டும். இப்படிப் பத்துப் பத்தாக, தினம் மூன்று வேளை செய்யச் சொன்னார். சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. உட்கார்ந்தபடி, பால் கொடுத்துக்கொண்டேகூடச் செய்யலாம். இளம் தாய்மார்கள் இதை மறைக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கிருந்து ஆட்டோவில் சின்ன காஞ்சிபுரம், வரதராஜப் பெருமாள். மூலவர் அத்திகிரி என்னும் குன்றின் மேல் இருப்பதாகக் கணக்கு. அதற்கு 24 படிகள். காயத்ரியின் 24 எழுத்துகள் என்று சொல்வார்கள். அத்தையைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மாறி மாறிப் போய்வரலாமென்று நான் திட்டம் போட்டிருந்தேன். பழைய புத்தி எங்கே போகும்! அத்தை பதிலே சொல்லாமல் முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி ஏறினார். நான் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனேன். "தொடாதே" என்றார். பத்தில் நின்றார். பதினாறில் நின்றார். பின்னால் வந்தவர்கள் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள், புண்ணியவதிகள். இருபத்து நான்கு என்று அவரே சத்தமாக எண்ணி முடித்தபோது என் நெஞ்சு படபடத்தது. இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இறங்குவதுதான் ஏறுவதைவிட பயம்.

தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு, அனந்தசரஸ் குளக்கரையில் உட்கார்ந்தோம். 40 வருஷத்துக்கு ஒரு தடவை அத்திவரதர் எழுந்தருளும் குளம். 1979-இல் அத்தை என்னவரை இடுப்பில் சுமந்துகொண்டு வந்து தரிசித்தாராம். 2019-இல் 48 நாள் தரிசனம் நடந்தபோது, கூட்டத்தில் நசுங்கிவிடுவார் என்று நாங்கள்தான் அழைத்து வரவில்லை. அதை அவர் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்தது 2059. உனக்கு அப்போ எண்பது. நடந்து வந்து பாக்கணும், யார் தோள்லயும் வராதே" என்றார்.

கோயில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்தது. மிளகும் சீரகமும் சுக்கும் தூக்கலாக இருக்கும். ஒரு துண்டிலேயே வயிறு நிறைந்துவிடும்.

சாயங்காலம் கூட்டுறவு சங்கத்தில் புடவை எடுத்தோம். அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வை. அத்தைதான் தேர்ந்தெடுத்தார். கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்து, கையால் தடவி, "இது தறிப் பட்டு" என்றார். விலையை இங்கே எழுதினால் என்னவர் படித்துவிடுவார்!

ஊர் வந்ததும் டாக்டரம்மா சொன்னபடி தினம் காலையில் அத்தையும் நானும் பயிற்சி செய்கிறோம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஒன்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது இன்னொன்று. ஆரம்பத்தில் நாற்காலியில் அத்தைக்கு மூன்று தடவைதான் முடிந்தது. இப்போது எட்டு. தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எழுந்து போய் மொண்டு குடிக்கிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நேற்று ஒற்றைக் காலில் நின்றபோது முதலில் காலை ஊன்றியது நான்தான்.