ஓட்டைக் கூடை

மத்தியானம். பட்டாலையில லேப்டாப்.
ஆபீஸ் வேலை ஒரு டேப்ல, பேஸ்கட்பால் கேம் இன்னொரு டேப்ல.

பெரிய தலை, குட்டிக் கால் பொம்மை. பட்டனைத் தட்டினா பறந்து போய் டங்க் போடுது.
நிஜ வளையம் 10 அடி உசரம். நான் ஸ்டூல் போட்டு எக்குனாலே பெரிய விசயம்.
நம்ம அழகப்பா உடற்கல்விக் கல்லூரிப் பசங்க பாத்தா தலையில அடிச்சுக்குவாங்க.

பக்கத்துல கொட்டான் முடைஞ்சுக்கிட்டிருந்த அப்பத்தா எட்டிப் பாத்தாங்க.
"ஏய்யா, கூடைக்கு அடியே இல்லையே. போட்டதெல்லாம் கீழ விழுகுது?"

சிரிப்பு வந்துருச்சு. ஆனா கேள்வி சரிதான்.
1891ல அமெரிக்காவுல ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை ஆரம்பிச்சப்ப மாட்டினது பீச் பழக் கூடை. அடியோட!
பந்து உள்ள விழுந்தா ஏணி வச்சு ஏறி எடுக்கணும்.
ஓட்டை போடலாம்னு தோணவே கொஞ்சம் வருசமாச்சாம்.

சொன்னேன்.
"கூடை முடையிறவளக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பா"ன்னுட்டு அடுத்த ஓலையை எடுத்துட்டாங்க.

அது கெடக்கட்டும்.
கம்ப்யூட்டர்காரன் என்னை வெளுத்து வாங்குறான்.
தூரத்துல இருந்து மூணு பாயின்ட் போட பட்டனை எப்பங்க விடணும்? குதிக்கும்போதா, உச்சியிலயா?