வாய் மூடி, காது திறந்து: கேமரன் மலையிலிருந்து தாமான் நெகாராவுக்கு

காலை ஆறு மணிக்கு "வணக்கம்" சொன்னால்தான் எனக்குப் பொழுது விடியும். பத்து ஆண்டுகளாக வானொலியில் அதுதான் என் வேலை. கடந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை அந்த வணக்கம் பாதியில் உடைந்தது. 'வண' வந்தது; 'க்கம்' வரவில்லை. ஒரு பாடலைப் போட்டுவிட்டு, தண்ணீர் தேடி வெளியே ஓடினேன்.

குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் என்றார் மருத்துவர். மூன்று வாரம் வாயைத் திறக்கக்கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது தொண்டையை இன்னும் வருத்துமாம். "அப்படியும் குறையவில்லை என்றால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்போம்" என்றார். பேசிப் பிழைப்பவளுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது நடக்கிற காரியமா? எட்டாம் நாள், மகளோடு காகிதத்தில் எழுதி எழுதியே சண்டை போட்டுவிட்டேன். அப்போதுதான் தோழி ஒருத்தி, பறவை, விலங்கு பார்க்கும் நான்கு நாள் பயணத்தில் தன் இடம் காலியாக இருப்பதாகச் சொன்னாள். "நீ போ. அங்கே பேசினால்தான் திட்டுவார்கள்."

மறுநாளே புறப்பட்டேன். பையில் குளிராடை, குறிப்பேடு, ஓர் ஒலிப்பதிவுக் கருவி. குரல் திரும்பினால், முதல் நிகழ்ச்சியில் காட்டின் சத்தத்தைப் போட்டு நேயர்களை அசத்த வேண்டும் என்பது திட்டம்.

மேகத்துக்குள்ளே

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை நம்மில் பலருக்குப் பழக்கமானதுதான். ஸ்ட்ராபெரி, சோளம், தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம் என்று திரும்பிவிடுவோம். நானும் அப்படித்தான். இந்த முறை எங்கள் ஐந்து பேரையும் வழிகாட்டி விடியும் முன்பே எழுப்பி, பிரிஞ்சாங் மலைக்கு அழைத்துப் போனார்.

அவர் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் இந்த மலைச்சரிவுகளில் காட்டைத் திருத்திச் செடி நட்டவர்களில் நம் ஆட்கள் நிறைய. "எங்க தாத்தா காட்டை வெட்ட வந்தாரு தங்கச்சி. நான் மிச்சக் காட்டைக் காட்டிச் சாப்பிடுறேன்" என்றார். பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

2,000 மீட்டருக்கும் மேல், மலை உச்சியை ஒட்டி இருக்கிறது அந்தப் பாசிக்காடு. மரங்கள் அங்கே உயர வளர்வதில்லை. காற்றும் குளிரும் சத்தில்லாத மண்ணும் அவற்றைக் குறுக்கி முறுக்கிவிடுகின்றன. அடிமரம், கிளை, வேர் எல்லாவற்றின் மேலும் பச்சைப் பாசி கம்பளமாய்ப் படர்ந்திருந்தது. இடையிடையே பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள் தொங்கின. மழை இல்லை, ஆனாலும் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கடந்து போகும் மேகத்தின் ஈரத்தை இலையும் பாசியும் பிடித்துக்கொள்கின்றன. அது சொட்டுச் சொட்டாக இறங்கி, சிற்றோடையாகி, கீழே ஆறாகிறது. "இது மலை கட்டியிருக்கிற தண்ணித் தொட்டி" என்றார் வழிகாட்டி. படம் எடுப்பதற்காகப் பலகைப் பாதையை விட்டு இறங்கியவர்களின் கால் தடங்களையும் காட்டினார். அந்த இடங்களில் பாசி இல்லை, கறுத்த மண்தான் இருந்தது.

மூடுபனியில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு மரத்தின் உச்சியிலிருந்து சில்வண்டு போல ஒரு சத்தம் மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, உச்சத்தில் நின்றது. சில்வண்டு இல்லை, குக்குறுவான் இனத்துப் பறவையாம். அலகின் அடியில் நெருப்புப் பொறி போல ஒரு கொத்து முடி. பின்னால் சிரிப்பான்கள் கூட்டமாக வந்து கலகலத்தன. மேலே உச்சியில் வானொலி, தொலைக்காட்சி அலைகளை அனுப்பும் கோபுரம் பனியில் மறைந்து நின்றது. இத்தனை ஆண்டுகள் எவ்வளவு பேசியிருக்கிறேன்! இப்படிக் கேட்டது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

இறங்க இறங்க வேறு நாடு

மூன்றாம் நாள் ரிங்லெட், சுங்கை கோயான், கோலா லிப்பிஸ், ஜெராண்டுட் வழியாகக் கீழே இறங்கினோம். ஒரே நாளில் குளிராடை பைக்குள் போனது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மரப்பெரணிகள் மறைந்து மூங்கில் வந்தது. மூங்கில் முடிந்து செம்பனை வந்தது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் போன பிறகுதான் கோலா தாஹான். ஆற்றில் மிதக்கும் உணவுக்கடைகள். அக்கரையில் சுவர் எழுப்பியது போலக் காடு.

தாமான் நெகாரா பகாங், கிளந்தான், திரங்கானு என மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. சிங்கப்பூரைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆங்கிலேயர் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பெயர் பெற்றது. மேலே மரங்கள் நம் தோள் உயரத்தில் இருந்தன. இங்கே துவாலாங் மரத்தின் உச்சியைப் பார்க்கக் கழுத்து வலிக்கிறது.

அன்றிரவு 'பும்புன்' என்னும் மறைவுக் குடிலில் தங்கினோம். உயரத்தில் கட்டிய மரவீடு. எதிரே உப்பு மண் நிலம். தாது உப்புக்காக விலங்குகள் இங்கே வரும். முறை வைத்து விழித்திருந்தோம். எல்லாருக்கும் தெனுக்கைப் பார்க்க ஆசை. முன்பகுதியும் கால்களும் கறுப்பு, உடலின் நடுவும் பின்புறமும் வெள்ளை என்று இருக்குமே, அந்தத் தாபிர்தான். நள்ளிரவுக்குப் பிறகு சேற்றில் 'சளக், சளக்' என்று ஏதோ நடந்தது. விளக்கு அடித்தால் இரண்டு கண்கள் மின்னின. மான். அவ்வளவுதான். காலையில் இறங்கிப் பார்த்தால் ஓரமாகத் தெனுக்கின் தடம்: முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. எங்கள் முறைகளுக்கு நடுவே வந்து போயிருக்கிறது!

புலியைப் பற்றி யாரோ கேட்டார்கள். மலாயாப் புலிகள் காட்டில் 150-க்கும் குறைவு என்றார் வழிகாட்டி. இத்தனை ஆண்டுகளில் அவர் பார்த்தது தடங்களை மட்டும்தான்.

மாமியார் வீட்டை வெட்டும் பறவை

நான்காம் நாள் காலை, அட்டைகளைத் தட்டிவிட்டபடி நடந்துகொண்டிருந்தோம். வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தினார். தூரத்தில் 'பூ' என்று ஒரு சத்தம். இடைவெளி. மறுபடி 'பூ'. கோடரி விழுவது போல, நிதானமாக. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. 'பூ, பூ, பூபூபூ' என்று விரைந்து, கடைசியில் கெக்கெக்கெ என்று பைத்தியக்காரச் சிரிப்பாக வெடித்தது.

"தெபாங் மெந்துவா" என்றார் மெதுவாக. தலைக்கவச இருவாச்சி. மலாய்க்காரர்களிடம் ஒரு கதை உண்டு. மாமியாரைப் பிடிக்காத மருமகன், அவர் உள்ளே இருக்கும்போதே வீட்டின் தூண்களைக் கோடரியால் வெட்டினானாம். வீடு சாய்ந்ததும் வாய்விட்டுச் சிரித்தானாம். அவனைப் பறவையாக்கிவிட்டார்களாம். குழுவில் ஓர் ஐயா தன் மனைவியைப் பார்த்தார். அம்மா அவரை முறைத்தார். அதே நேரம் பறவை மறுபடி சிரித்தது.

நானும் சிரித்துவிட்டேன். சத்தமாக. பன்னிரண்டு நாளில் என் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம். பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. "சிரிச்சதெல்லாம் பேசின கணக்குல வராது தங்கச்சி" என்றார் வழிகாட்டி.

பறவை கடைசி வரை கண்ணில் படவில்லை. ஆனால் கருவியில் அந்த அழைப்பு முழுதாகப் பதிவாகியிருந்தது. முதல் நிகழ்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? குறிப்பேட்டில் எழுதிக் காட்டினேன்: "இதை எங்கே பதிவு செய்தோம் என்று சொல்லி ஒலிபரப்பலாமா?"

அவர் முகம் மாறியது. இந்தப் பறவையின் கொண்டை மற்ற இருவாச்சிகளுடையதைப் போல உள்ளே வெறுமையாக இருக்காது. கெட்டியானது, யானைத் தந்தம் போலச் செதுக்கலாம். அதற்காகவே சுடுகிறார்கள். 2015-இல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவைதான் சிறு துளை வழியே உணவு ஊட்டும். ஆண் சுடப்பட்டால் உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. "இடம் தெரிஞ்சா போதும் தங்கச்சி, தேடி வந்துருவானுங்க. பதிவு செஞ்ச குரலைப் போட்டா, அது பதில் சொல்லும். அதுவே தன்னைக் காட்டிக் கொடுத்துக்கும்."

குரல் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, குரலாலேயே உயிர் போகக்கூடிய ஒரு பறவை. குறிப்பேட்டில் "சொல்ல மாட்டேன்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் முடிந்து போனபோது, முடிச்சுகள் சுருங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். இப்போதைக்குக் கத்தி வேண்டாம்; ஆனால் நாலு மணி நேர நிகழ்ச்சி இனி இரண்டு மணி நேரம்தான். முதல் நாள் வணக்கத்துக்கு முன்பு, பாசிக்காட்டில் பதிவான நீர் சொட்டும் சத்தத்தை மட்டும் போட்டேன். இருவாச்சியின் குரல் என்னிடமே இருக்கிறது. எந்தப் பாதையில் கேட்டோம் என்று இங்கேயும் நான் எழுதவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மலைக்குக் குளிராடை, கீழே அட்டைக்குக் காலுறை, இரண்டுக்கும் மழையாடை. கோலா தாஹானில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பும்புனில் தங்க முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆண்டிறுதி மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது என்று ஒரு பந்தயம் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வைத்தோம். மகள் ஜெயித்தாள்.