இரைச்சலும் இசையும்

நம் தங்கையின் மகன் கல்முனைக்கு அண்மையில் உள்ள அரிசி ஆலையொன்றில் வேலை செய்கிறான். வயது இருபத்தைந்து. உயர்தர வகுப்பு வரை படித்தவன். ஆறு வருடங்களாக உமி நீக்கும் யந்திரத்தின் அருகே நிற்பதே அவனது தொழில். காலையில் போனால் மஃரிபுக்குப் பின்புதான் வீடு திரும்புவான். புருவம் வரை தவிட்டுத் தூசு படிந்திருக்கும். குளிப்பான், உண்பான், பின்னர் காதுகளில் இயர்போனைச் செருகிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் தங்கை நம்மிடம் வந்தாள். "காக்கா, இவன் இரவிரவா என்னத்தையோ கேட்டுக்கிட்டுக் கிடக்கான். பாட்டா அது? மாடு முனகிறாப்போல ஒரு சத்தம். கஞ்சாக்காரங்கட பாட்டு எண்டு கூட்டாளிமார் சொல்றாங்களாம். நான் கதைச்சாலும் காதில விழுத்துறான் இல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருக்கா விசாரியுங்க."

அவளது அச்சம் வீணானதென்று நாம் எண்ணவில்லை. ஐஸ் என்னும் போதைப்பொருள் நம் கரையோர ஊர்களில் எத்தனையோ தாய்மாரின் உறக்கத்தைப் பறித்திருக்கிறது. ஆகவே, மாமன் என்ற உரிமையோடும், கலையைப் பற்றி நாற்பது வருடமாகப் பேசியும் எழுதியும் வந்த மிடுக்கோடும் நாம் புறப்பட்டோம். மக்களின் போராட்டத்தைப் பேசாத கலை மயக்கப் பொருளே என்று பல மேடைகளில் முழங்கியவர்கள் நாம். அந்தச் சொற்பொழிவை மருமகனுக்கும் ஒரு தடவை நிகழ்த்துவதென்று மனதிற்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தோம்.

கடற்கரைப் பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளி மணலில் அமர்ந்திருந்தான். 2004 டிசம்பர் 26க்கு முன்னர் அங்கெல்லாம் வீடுகள் நெருக்கமாக இருந்தன. அன்றைய கடல்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. இன்று அந்த வெறுமையில் இளைஞர் சிலர் மாலை நேரத்தில் வந்திருப்பார்கள். வேறு போக்கிடம் அவர்களுக்கு இல்லை.

"என்ன மகன் கேட்கிறாய்?" என்றோம். பதில் இல்லை. தோளைத் தொட்ட பிறகே திடுக்கிட்டுத் திரும்பினான். இயர்போனின் ஒரு முனையைத் துடைத்து மரியாதையோடு நம்மிடம் நீட்டினான்.

முதலில் கித்தார் ஒன்று மட்டும் ஒலித்தது. தடித்த, கரகரத்த, மிகத் தாழ்ந்த ஒலி. ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்தது. பின்னர் பேஸ் கித்தாரும் டிரம்ஸும் ஒன்றாக இறங்கின. பாரமேற்றிய மாட்டு வண்டி மணலில் நகர்வதைப் போன்ற நடை. பாடகன் வருவான் என்று காத்திருந்தோம். பல நிமிடங்கள் கழிந்த பின்னரே குரல் வந்தது. அதுவும் ஓதுவது போன்ற, ஏற்ற இறக்கமற்ற குரல். எப்போது முடியும் என்று கேட்டோம். "ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகும் மாமா" என்று சிரித்தான்.

அதன் வரலாற்றையும் அவனே சொன்னான். வாசித்த குழுவின் பெயர் ஸ்லீப். உறக்கம் என்று பொருள். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தவர். மூன்றே பேர்: பேஸ் கித்தாரும் குரலும் அல் சிஸ்னேரோஸ், கித்தார் மட் பைக், டிரம்ஸ் கிறிஸ் ஹக்கியஸ். இவ்வகை இசைக்கு ஸ்டோனர் றொக் என்று பெயர். போதையில் கிறங்கிக் கிடப்பவனின் றொக் என்று பொருள் கொள்ளலாம். நாம் கேட்டது ‘டோப்ஸ்மோக்கர்’ என்னும் ஒரே பாடல். பாலைவனத்தைக் கடந்து புண்ணிய பூமிக்குச் செல்லும் ஒரு யாத்திரைக் கூட்டத்தைப் பற்றியது. அக்கூட்டத்தார் வணங்குவதோ கஞ்சாவை. 1990களின் நடுப்பகுதியில் லண்டன் ரெக்கோர்ட்ஸ் என்ற பெரிய கம்பனியின் பணத்தில் அவர்கள் ஒரு மணி நேரம் நீளும் இந்த ஒற்றைப் பாடலைப் பதிவுசெய்து கொடுத்தார்கள். கம்பனி அதை வெளியிட மறுத்தது. குழுவும் கலைந்தது. 1999இல் ‘ஜெரூசலம்’ என்ற பெயரில் அப்பாடலின் ஒரு வடிவம் வெளிவந்தது. 63 நிமிட வடிவம் வெளிவந்தது 2003இல்தான்.

"அப்படியானால் உன் உம்மா கேள்விப்பட்டது உண்மைதான். இது கஞ்சாப் பாட்டு" என்றோம், சொற்பொழிவைத் தொடங்கும் நோக்கத்தோடு.

"பாட்டில கஞ்சா கிடக்கு மாமா. என்னில இல்ல" என்றான். சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, "மத்தப் பாட்டெல்லாம் இப்ப கலங்கலாத்தான் கேக்குது. சொல்லு விளங்குதில்ல. புல்லாங்குழல், பொம்பளப் பிள்ளைகள்ற குரல் எல்லாம் எங்கயோ தூரத்தில கேக்கிறாப்போல. இது மட்டும்தான் முழுசாக் கேக்குது" என்றான்.

நமது சொற்பொழிவு அவ்விடத்திலேயே நின்றுபோயிற்று. தோளைத் தொடும் வரை அவன் திரும்பாதிருந்தது நினைவுக்கு வந்தது. தங்கை கதைத்தாலும் காதில் விழுத்துகிறான் இல்லை என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் அவன் வேலை செய்யும் ஆலைக்குப் போனோம். கல்முனையில் பிறந்து வளர்ந்து, நாள் தவறாமல் சோறு உண்டு வந்த நாம், அந்தச் சோறு புறப்படும் இடத்தில் அதுவரை பத்து நிமிடம் நின்றதில்லை. உள்ளே சென்றதும் நெஞ்செலும்பு அதிர்ந்தது. மருமகன் வாயசைத்ததைக் கண்டோமேயன்றிக் கேட்கவில்லை. அங்கே தொழிலாளர் கையசைத்தும் கண்காட்டியும் பேசிக்கொள்கிறார்கள். எவர் காதிலும் கவசம் கிடையாது. வெளியே வந்த பிறகும் வெகுநேரம் நம் காதுகளில் ஒரு விசில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நமக்குப் பத்து நிமிடம். அவனுக்கு ஆறு வருடம்.

வைத்தியரிடம் அழைத்துச் சென்று செவிப் பரிசோதனை செய்வித்தோம். இரு காதுகளிலும் உயர்ந்த சுருதி ஒலிகள் மங்கியிருப்பதாகத் தெரிந்தது. யந்திர இரைச்சல் செவியைத் தாக்கும் முறையே அதுதான். உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர்க் கலங்களில் உயர் சுருதியை வாங்குபவையே முதலில் அழிகின்றன; விநாடிக்கு 3,000 முதல் 6,000 அதிர்வு வரையுள்ள பகுதியில் பள்ளம் விழுகிறது. மெய்யெழுத்துகளின் கூர்மையும், பெண்களும் குழந்தைகளும் பேசும் பேச்சின் தெளிவும் அத்தோடு குறைகின்றன. தாழ்ந்த ஒலிகள் எஞ்சி நிற்கின்றன. அழிந்த கலங்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சல் தீங்கானது என்று தொழிற் சுகாதார வல்லுநர் வகுத்திருக்கிறார்கள். ஒருவரோடொருவர் கத்திப் பேச வேண்டிய இடமெல்லாம் அந்த எல்லையைத் தாண்டியது என்று கொள்ளலாம்.

மகன் கஞ்சா குடிக்கிறானோ என்று தாய் அஞ்சினாள். பாட்டு மயக்குகிறதோ என்று மாமன் சந்தேகித்தார். ஆலை அவன் காதைத் தின்றுகொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

இதன் பின்னரே அந்த இசையின் பிறப்பை நாமும் ஆராயத் தலைப்பட்டோம். ஸ்லீப் குழுவினர் தம் முன்னோராகக் கொள்வது பிளாக் சபத் என்ற ஆங்கிலக் குழுவை. 1968இல் பேர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரத்தில் தோன்றிய குழு அது. அதன் கித்தார் கலைஞர் டோனி அயோமி உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். பதினேழாம் வயதில், அவ்வேலையை விட்டுச் செல்லவிருந்த கடைசி நாளில், யந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலால் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கை விரல்களே. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்கச் செய்தார். தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னரும் பெரும் புகழ் எய்திய ஜிப்சிக் கலைஞர் அவர். அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். காயம்பட்ட விரல்களுக்குத் தந்திகளின் இறுக்கம் தாங்கவில்லை. ஆகவே தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டில் சில பாடல்களுக்கு மூன்று அரைச்சுரம் வரை சுருதியைத் தாழ்த்தினார். தந்தி தளர்ந்தபோது ஒலி கனத்தது. அந்தக் கனமே ஒரு புதிய இசை வகைக்கு அடித்தளமாயிற்று. 2025 ஜூலை 5ஆம் திகதி அதே நகரத்தில் அக்குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது.

தொழிற்சாலை ஒருவனின் விரலைப் பறித்தது. அவன் தாழ்ந்த சுருதிக்கு இறங்கினான். இன்னொருவனின் செவியைப் பறித்தது; அவனும் தாழ்ந்த சுருதியிலேயே புகலிடம் தேடுகிறான். பேர்மிங்ஹாமுக்கும் கல்முனைக்கும் இடையே எத்தனையோ கடல்கள். எனினும் யந்திரத்தின் முன் நிற்கும் மனிதனுக்கு நேர்வது இரு கரையிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

"மில்லுச் சத்தம் என்னைக் கேட்டு வாறதில்ல மாமா. இந்தச் சத்தம் நான் சொன்னா வரும், சொன்னா நிக்கும்" என்று மருமகன் ஒரு நாள் சொன்னான். இந்த இசையைப் பற்றி நாம் கேட்ட விளக்கங்களில் இதுவே சிறந்தது. தன்மேல் சுமத்தப்பட்ட இரைச்சலை எடுத்து, அதற்கு ஒரு தாளம் கட்டி, தன் கைக்கு அடங்கிய பொருளாக்குவது உழைப்பாளியின் பழைய வழக்கம். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவும் அதைத்தானே செய்கிறது? கயிற்றின் பாரத்தைத் தாளமாக்கி இருபது தோள்களுக்குப் பங்கிடுகிறது. ஒரே அடி திரும்பத் திரும்ப வருவதைக் குற்றமென்று கரைவலைக்காரன் எவனும் சொன்னதில்லை.

சிறு பிராயத்தில் நம் மூத்தவாப்பா கையைப் பிடித்துக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு அழைத்துச் செல்வார். நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நடைபெறும் விழா அது. பக்கீர் பாவாமார் வட்டமாக அமர்ந்து றபானை நெருப்பில் காய்ச்சி இறுக்குவார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். இரவு நகர நகர றபானின் ஓசை வயிற்றுக்குள் புகுந்துகொள்ளும். மூத்தவாப்பா பகலெல்லாம் பிறருடைய வட்டையில் வேளாண்மை செய்தவர். அந்த ஓசையில் கண்மூடி அமர்ந்திருக்கும்போது மட்டும் அவர் முகத்தில் களைப்பு இருக்காது. அதை மயக்கமென்று சொல்ல நமக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. இசை ஆகுமா ஆகாதா என்ற வாதம் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் மூத்தவாப்பாவின் முகத்தை மறைத்துவிட்டு மருமகனின் இசையை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டு முற்போக்கு எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, பண்டிதர் சிலர் அதை இழிசனர் வழக்கு என்று இகழ்ந்தனர். நமக்கு முந்திய அத்தலைமுறை அந்த இகழ்ச்சியை எதிர்த்து நின்றது. அதன் வாரிசுகள் என்று பெருமை பேசும் நாம், கேட்டறியாத ஓர் இசையை அதன் பெயரை மட்டும் கொண்டு இழிந்ததென்று தீர்மானித்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தோம். பண்டிதரின் சால்வை நம் தோளில் எப்போது வந்து விழுந்ததோ, நாம் அறியோம்.

அதற்காக, இந்த இசை முழுவதையும் தலையில் தூக்கிவைத்து ஆடுவதும் நம் நோக்கமன்று. கஞ்சாவைத் தெய்வமாக்கும் வேடிக்கை நமக்கு ருசிக்கவில்லை. போதையால் அழிந்த பிள்ளைகளின் பெற்றோர் வாழும் ஊரில் அது வேடிக்கையாகவும் தோன்றாது. மேலும், கெட்டுப்போன செவிக்கு உரத்த ஒலி மருந்தன்று. யந்திரம் தொடங்கிய கேட்டை இயர்போன் முடித்துவைக்கக் கூடும். இதை மருமகனிடம் வெளிப்படையாகச் சொன்னோம். ஒலியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதாக வாக்களித்தான். "பாதியாக் கேட்டாலும் அதுட பாரம் குறையாது மாமா" என்றான்.

ஆலை உரிமையாளரிடமும் போனோம். வரவேற்று, தேநீர் தந்து, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லலாமே என்றார். பஞ்சு இந்த இரைச்சலைத் தடுக்காது. அதற்கென்று செய்யப்பட்ட செவிக்கவசம் வேண்டும். அதன் விலை பெரிதன்று. ஓரிரு மூட்டை அரிசி விற்ற காசில் அங்குள்ள எல்லோருக்கும் வாங்கிவிடலாம். தொழிலாளரின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென 1942ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. சட்டம் ஏட்டில் இருக்க, செவிகள் ஆலையில் தேய்கின்றன. மருமகனும் அவன் தோழர் சிலரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை திருத்தியது மட்டுமே நம் பங்கு. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வெகுநேரம் அவள் பேசவில்லை. "அப்ப நான் கூப்பிட்டது அவனுக்குக் கேக்கவே இல்லையா காக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அவள் குரலைத் தாழ்த்தி, அவன் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவனும் பதில் சொல்கிறான்.