ஜாம் ஆன இன்ஜின்

ஜனவரி 19, திங்கள்

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி மகனின் அழைப்பு. பேராவூரணிக்குப் பக்கம் எங்கள் தோப்பில் நிற்கும் மாசி பெர்குசன் 1035ஐ மறுபடி ஓட வைக்க வேண்டுமாம். “பேட்டரி புதுசு போட்டாச்சு பெரியப்பா. சாவியைத் திருப்பினா ‘டக்’குனு ஒரு சத்தம், அதோட சரி. இன்ஜின் ஜாம். நாளைக்கு மாமா டிராக்டர்ல சங்கிலி கட்டி, டாப் கியர்ல போட்டு இழுத்துடலாம்னு இருக்கோம்.”

“சங்கிலியைத் தொடாதே” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

உள்ளே எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால், இன்னொரு டிராக்டரின் பலமெல்லாம் சக்கரம் வழியாகக் கிராங்கில் போய் இறங்கும். துரு விடாவிட்டால் ரிங் உடையும், பிஸ்டனின் ரிங் காடி பெயரும். வால்வு ஏதாவது திறந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் அதை இடிக்கும், புஷ் ராடு வளையும். எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தால் சரியாகியிருக்கக்கூடிய இன்ஜின், அரை மணி நேரத்தில் பழைய இரும்புக் கடைக்கு உரியதாகிவிடும்.

நான் இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் டீசல் ஃபிட்டராக இருந்த காலத்தில், ஓவர்டைம் பணத்தை மிச்சம் பிடித்து வாங்கிக் கொடுத்த வண்டி அது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் தயாரிப்பு. உள்ளே இருப்பது சிம்சனின் மூன்று சிலிண்டர் இன்ஜின். சிம்சன் 1840இல் மதராஸில் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த கம்பெனி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. நம் பக்கத்து மெக்கானிக்குகள் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள். அதனால்தான் எனக்கு நம்பிக்கை.

ஜனவரி 20, செவ்வாய்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்துத் தென்னை மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கொட்டகை டிராக்டரின் மேலேயே விழுந்தது. மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே மாதங்கள் ஆயின. நிவாரணம், கடன், புதுக் கன்று என்று ஓடியதில் வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செங்குத்தாக நிற்கும் சைலன்சர் குழாயின் வாயில் கவிழ்த்திருந்த தகர டப்பா காற்றோடு போயிருந்தது.

அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று சிலிண்டர் இன்ஜினை எந்த நிலையில் நிறுத்தினாலும், பெரும்பாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும். குழாயில் இறங்கும் மழை நேராக அந்தச் சிலிண்டருக்குப் போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் தலைமயிர் அளவு இடைவெளியில் அது ஊதினால், ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

முதலில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றச் சொன்னேன். அதன் பல் சக்கரம் ஃபிளைவீலில் சிக்கியிருந்தாலும் ஜாம் போலத்தான் தெரியும். சிக்கவில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் பானா மாட்டி, பைப் சொருகி மெல்ல அழுத்திப் பார்த்தான் தம்பி மகன். அசையவில்லை. பிறகு சம்ப் நட்டைத் தளர்த்தினான். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது.

ஜனவரி 24, சனி

தேக்காவுக்குப் போகும் வழியில் சிம் லிம் டவரில் இறங்கினேன். கைப்பேசியில் பொருத்தும் மெல்லிய குழாய்க் கேமரா ஒன்று வாங்கி, திருச்சி விமானம் ஏறும் ஊர்க்காரர் ஒருவரிடம் சிராங்கூன் சாலையில் வைத்துக் கொடுத்துவிட்டேன். நாசிலைக் கழற்றிய துவாரம் வழியாக உள்ளே பார்க்க அது போதும்.

ஜனவரி 28, புதன்

வீடியோவில் பார்த்தேன். ஒன்றும் மூன்றும் லேசான பழுப்பு, அவ்வளவுதான். இரண்டாவது சிலிண்டரில்தான் வினை. பிஸ்டன் தலையில் வெள்ளைப் பொடி, அது அலுமினியம் அரித்தது. லைனரைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துரு வளையம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி. இரண்டும் ஒட்டாது, நிற்கவிட்டால் பிரியும். ஒவ்வொரு முறையும் குலுக்கிச் சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். அசிட்டோன் ஆவி நொடியில் தீப்பிடிக்கும் என்பதால் பேட்டரியைக் கழற்றச் சொன்னேன், பீடி பிடிக்கும் மாமாவைத் தோப்புக்கு வெளியே உட்காரச் சொன்னேன். மூன்று துவாரத்திலும் ஊற்றியாயிற்று. இனி காலை மாலை பார்த்து, வற்றிய அளவுக்கு ஊற்றுவது மட்டுமே வேலை.

“எத்தனை நாள் பெரியப்பா?”

“எண்ணெய்தான் சொல்லணும்.”

பிப்ரவரி 3, செவ்வாய்

சாயங்காலம் செம்பவாங் பூங்காவின் பழைய படகுத்துறை வரை நடந்தேன். அக்கரையில் ஜோகூர் விளக்குகள். இடப்பக்கம் பட்டறையின் கிரேன்கள்.

இங்கே பிரிட்டிஷார் கட்டிய ஆறாம் ஜார்ஜ் உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் படை கிளம்ப முடிவெடுத்தபோது, பெயருக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பட்டறையைச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தார்கள். 1968இல் செம்பவாங் ஷிப்யார்ட் பிறந்தது. நேவல் பேஸ் காலத்திலிருந்தே தமிழரும் மலையாளிகளும் இங்கே உழைத்திருக்கிறார்கள். இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில்கூட நேவல் பேஸ் தொழிலாளிகளின் வழிபாட்டில் தொடங்கியதுதான்.

கப்பல் இன்ஜினை நாங்கள் எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்ததே கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இண்டிகேட்டர் காக் என்றொரு சிறு குழாய் உண்டு. எல்லாவற்றையும் திறந்துவிட்டு, டர்னிங் கியர் என்னும் மின் மோட்டாரால் இன்ஜினை ஆமை வேகத்தில் சுற்ற வைப்போம். உள்ளே தண்ணீரோ எண்ணெயோ கசிந்திருந்தால் காக் வழியாகப் பீச்சியடிக்கும். திரவத்தை அமுக்க முடியாது. மூடிய சிலிண்டரில் அதை அமுக்கப் போனால் கனெக்டிங் ராடுதான் வளையும். டிராக்டரிலும் இதே விதிதான். அங்கே காக்குக்குப் பதில் நாசில் துவாரம், மோட்டாருக்குப் பதில் தம்பி மகனின் கை.

பிப்ரவரி 9, திங்கள்

இரண்டாவதில் எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கிறது. நல்ல சேதி. ரிங்கைத் தாண்டிக் கீழே வழி கிடைத்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி, கட்டை வைத்துத் தட்டலாமா என்று உள்ளூர் மெக்கானிக் கேட்டார். அவர் கேட்டது முறையான வழிதான், ஆனால் பிஸ்டன் நிற்கும் இடம் முக்கியம். உச்சியிலோ அடியிலோ நிற்கும் பிஸ்டனை எவ்வளவு தட்டினாலும் கிராங்க் திரும்பாது, அடி நேராகப் பேரிங்கில்தான் விழும். எங்களுடையது நடுவில் நிற்கிறது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றேன், ஒத்துக்கொண்டார்.

பிப்ரவரி 14, சனி

அசைந்துவிட்டது!

ராக்கர் கவரைக் கழற்றி வால்வுகளைத் தட்டிப் பார்த்து, ஒட்டியிருந்த ஒன்றை எண்ணெயிட்டு இளக்கிவிட்டுத்தான் பானாவைப் பிடித்தார்கள். புல்லியில் சாக்பீஸ் கோடு. முன்னால் ஓர் அழுத்து, பின்னால் ஓர் அழுத்து. கோடு அரை விரல்கடை நகர்ந்ததை இங்கே திரையில் பார்த்து நான் கத்தினேன். அப்படியே போக விடவில்லை. நகர்ந்த தூரத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, இன்னும் கொஞ்சம். துருப்பொடி எண்ணெயில் கலந்து விலக இடம் வேண்டும். இருட்டுவதற்குள் முழுச் சுற்று வந்துவிட்டது.

பிப்ரவரி 21, சனி

நாசில்கள் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, உள்ளே தேங்கிய எண்ணெயை எல்லாம் வெளியேற்றினார்கள். டீசல் டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, பம்பைச் சரிபார்த்து ஏர் எடுத்தாயிற்று. காற்று உறிஞ்சும் வாயை மூட மெக்கானிக் ஒரு பலகையோடு நின்றார். உள்ளே மிஞ்சிய எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டு இன்ஜின் தறிகெட்டு ஓடினால், டீசலை நிறுத்திப் பயனில்லை. மூச்சை அடைத்தால்தான் நிற்கும். பலகைக்கு வேலை வரவில்லை. வெள்ளைப் புகை, இருமல், இரண்டு சிலிண்டர் சத்தம், பிறகு மூன்றும்.

சில நிமிடத்தில் நிறுத்தச் சொல்லி, ஆயிலைச் சூட்டோடு வடித்துப் புதிது ஊற்ற வைத்தேன். இரண்டாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இன்னும் குறைவு, நீலப் புகையும் தெரிகிறது. தம்பி நாளைக்கே தோப்பில் கலப்பை பூட்டப் பார்க்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் வெறும் டிரெய்லரை இழுக்கட்டும், பிறகு இன்னொரு முறை ஆயில் மாற்றட்டும். ரிங்குகள் காடியில் இளகினால் புகை குறையும். குறையாவிட்டால் சித்திரைக்கு முன் அந்த ஒரு லைனரையும் பிஸ்டனையும் மாற்றிவிடலாம்; அதற்கான பணத்தை நான் அனுப்புகிறேன்.