கொட்டிக்கிழங்கு உறங்கும் மாதங்கள்

சென்னைப் பட்டினப்பாக்கத்தின் கடலோரத் தெருக்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் ஏறும். கிழக்கே கடல், தெற்கே அடையாற்று முகத்துவாரம், நடுவே சீனிவாசபுரம். குடிக்க மெட்ரோ வாட்டர், புழங்க போர் தண்ணீர் என்று குடங்களையே இங்கே பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில், மீன் தொட்டிகளுக்கான நன்னீர்ச் செடிகளை வளர்த்து விற்கிறார் ஓர் அக்கா. மீனவக் குடும்பம். மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கத்து வீடுகளிலும் கிளினிக்குகளிலும் உள்ள தொட்டிகளைப் பராமரிப்பதும் அவர்தான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன்.

மாடி ஏறியதும் அவர் எனக்குக் காட்டியது செடியை அல்ல, தண்ணீரை. வரிசையாக நீல டிரம்கள். இரண்டில் மெட்ரோ வாட்டர், குளோரின் போவதற்காக மூடாமல் ஒருநாள் முழுக்க நிற்கிறது. மற்றவற்றில் ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த மழைநீர், கொசு இறங்காதபடி வாயில் வலை கட்டியிருக்கிறது. 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது நிலத்தடி நீரைத்தான் எல்லோரும் நினைத்தோம். அக்காவுக்கு அந்த மழைநீர் நேரடியான மூலதனம். அதில் உப்பும் சுண்ணாம்பும் அநேகமாகக் கிடையாது. மெட்ரோ வாட்டரோடு அதைக் கலந்து, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்து, செடிக்கு ஏற்றபடி இறக்குகிறார். "தண்ணியப் புடிச்சிட்டா செடி தானா வரும் தம்பி. எல்லாரும் செடிய வாங்கினு போயிட்டு அப்புறமா தண்ணியப் பாக்கறாங்க" என்றார்.

செடிகள் இருப்பது தெர்மாகோல் பெட்டிகளில். மீன் ஐஸ் வைத்து வரும் அதே பெட்டிகள்தான். கடைக்காரர்கள் ஓரங்கட்டியதை வாங்கிவந்து, உப்பும் கவுச்சியும் போகும்வரை பல தடவை ஊறவைத்துக் கழுவிக்கொள்கிறார். வெயில் சூடு பெட்டிக்குள் சட்டென்று இறங்காது என்பது இதில் கிடைக்கும் கூடுதல் லாபம். அடியில் செம்மண்ணும் மண்புழு உரமும், மேலே கழுவிய ஆற்று மணல், வேர் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர். மேலே பாலிதீன் தாள் போர்த்தியிருக்கிறது. தாள் உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. கடல்காற்றில் வரும் உப்பு இலைமேல் படியாமலும் பார்த்துக்கொள்கிறது. அதற்கும் மேலே பச்சை வலை.

நீர்ச்செடியை ஏன் நீருக்கு வெளியே வளர்க்க வேண்டும் என்று கேட்டேன். உலகெங்கும் பெரிய பண்ணைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. காற்றில் பரவுவதைவிட நீரில் கரியமில வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் இலை வெளியே இருந்தால் செடி வேகமாக வளரும், பாசியும் பிடிக்காது. ஆனால் காற்றில் வளர்ந்த இலை தடிப்பானது, மெழுகுப் பூச்சுள்ளது. அதை வாங்கிப் போய்த் தொட்டிக்குள் அமிழ்த்தினால் அந்த இலைக்கு அங்கே பிழைக்கத் தெரியாது. நீருக்கேற்ற மெல்லிய இலைகளைச் செடி புதிதாக விட்டாக வேண்டும். பழையவை கரைந்து போகும்.

இந்தக் கரைவில்தான் வியாபாரத்தின் பாதிச் சண்டை இருக்கிறது.

கிரிப்டோகோரைன் என்று கடைகளில் விற்கும் செடிகளை எடுத்துக்கொள்ளலாம். சேம்புக் குடும்பம். இலங்கையின் ஓடைகளிலிருந்து உலகத் தொட்டிகளுக்குப் போன 'வென்டி' இந்த இனம்தான். தென்னிந்தியாவில் இதன் உறவான 'ஸ்பைராலிஸ்' வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் வளர்கிறது. அதன் வேர்க்கிழங்கை நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் நாட்டு மருந்துக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இந்தச் செடிகளுக்கு இடம் மாறினாலே ஆகாது. வெளிச்சம், வெப்பம், தண்ணீரின் உப்பளவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சட்டென்று மாறினால் போதும், சில நாட்களில் இலைகள் முழுவதும் கூழாகிவிடும். மண்ணுக்குள் வேர் நன்றாகவே இருக்கும். வாடிக்கையாளர் மேலே மட்டும் பார்த்துவிட்டு, செத்த செடியை விற்றுவிட்டதாக அக்காவிடம் சண்டைக்கு வருவார். அக்கா போய், கூழான இலைகளை உறிஞ்சி எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல், வேறு எதையும் மாற்றாமல் திரும்பிவிடுவார். சில வாரங்களில் நடுவிலிருந்து சுருண்ட துளிர் வரும்.

பல வீடுகளுக்கு அவருடன் போய்வந்த பிறகு எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: செத்ததுபோல் கிடக்கும் செடியைச் செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் முக்கால்வாசித் திறமை. எதையாவது செய்துகொண்டே இருக்கத் துடிக்கும் தொட்டிக்காரர்களை, ஒன்றும் செய்யாமல் இருக்க வைப்பதுதான் அக்காவின் கடினமான வேலை.

இதற்கு உச்சமான சான்று கொட்டி. மூதுரையில் ஔவையார் வற்றிய குளத்தை விட்டுப் பறக்கும் பறவைகளுக்கு எதிராக நிறுத்துகிற அதே கொட்டிதான். கோடையில் குளம் காய்ந்து வெடிக்கும்போது இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும், மழை வந்ததும் எழும். கிராமங்களில் அந்தக் கிழங்கை அவித்துத் தின்பார்கள். அப்போனோஜெட்டான் என்ற இனப்பெயரில் இதே குடும்பத்துச் செடிகள் உலகெங்கும் தொட்டிகளுக்குப் போகின்றன. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய, விளிம்பு நெளிந்த 'கிறிஸ்பஸ்' அதில் ஒன்று. மடகாஸ்கரின் ஜன்னல் வலை போன்ற இலை கொண்ட வகை இன்னொன்று.

தொட்டியில் கோடையும் இல்லை, மழையும் இல்லை, வருடம் முழுவதும் ஒரே தண்ணீர். ஆனாலும் கொட்டி தன் கணக்கை மறப்பதில்லை. பல மாதம் பொங்கிப் பொங்கி இலை விட்டு, நீருக்கு மேலே பூக்கதிர் நீட்டி, பிறகு ஒருநாள் நிறுத்திவிடும். புதிய இலைகள் சின்னதாகும், பழையவை மஞ்சளாகி விழும். இந்தக் கட்டத்தில் உரம் போடுகிறவர்கள் உண்டு, விளக்கைக் கூட்டுகிறவர்கள் உண்டு. பெரும்பாலோர் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். அக்கா கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். அமுங்கி, நாற்றம் அடித்தால் போய்விட்டது. கல்லுப்போல் இருந்தால் உறங்குகிறது. உறங்குவதை ஈர மணல் போட்ட டப்பாவில், நிழலில், இரண்டு மூன்று மாதம் வைக்கிறார். மூடிமேல் மார்க்கரில் வீட்டுக்காரரின் தெருப்பெயர் மட்டும் எழுதியிருக்கிறது: லஸ், சாந்தோம், கச்சேரி ரோடு. முளை கிளம்பியதும் அவரவர் கிழங்கு அவரவர் வீட்டுக்குத் திரும்பும். நடும்போது முழுதாகப் புதைப்பதில்லை. முளைப்பக்கம் மேலே தெரிய, பாதிதான் மணலுக்குள். ஆழமாகப் போனால் அழுகிவிடும்.

இந்த அறிவுக்கு எந்தக் கடையிலும் விலை போடுவதில்லை என்பது எனக்கு வருத்தம். வாடிக்கையாளர்கள் அவரை "தொட்டி கழுவுற அம்மா" என்றுதான் சொல்கிறார்கள். 1909-ல் மெரினாவில் மீன்காட்சியகம் திறந்த காலத்திலிருந்தே இந்த நகரத்துக்குத் தொட்டி என்றால் மீன்தான், செடி அலங்காரம். உண்மையில் வீட்டுத் தொட்டி என்ற எண்ணத்துக்கு வழி திறந்ததே செடிதான். 1850-ல் லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன், இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் ஒரே தொட்டியில் வைத்து, நத்தைகளையும் சேர்த்து, தண்ணீரை மாற்றாமலே அவை வாழ்வதை விவரித்தார். அந்தச் செடியின் இனம் நம் குளங்களிலும் உண்டு. புனலுக்குள் ஹைட்ரில்லாவை வைத்து, மேலே கவிழ்த்த சோதனைக் குழாயில் ஆக்சிஜன் குமிழ்கள் சேர்வதைத் தமிழ்நாட்டில் பள்ளி முடித்த ஒவ்வொருவரும் படம் வரைந்திருப்போம். நல்ல வெளிச்சத்தில் அக்காவின் தொட்டி இலைகளிலிருந்து அதே குமிழ்கள் கோடு கோடாக ஏறுகின்றன. அதைப் பார்ப்பதற்காகவே அவர் பிற்பகலில் சற்று நேரம் மாடியில் உட்காருகிறார்.

தன்னிடம் இல்லாத வகைகளுக்குக் கொளத்தூர் போகிறார். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் அது. தெருத் தெருவாகக் கடைகள், பின்னால் குஞ்சு பொரிக்கும் சிமெண்ட் தொட்டிகள், மோட்டார் சத்தம். செடிகள் கட்டுக் கட்டாக, அடியில் ஈயப்பட்டை சுற்றி, பைகளில் கிடக்கின்றன. அவர் கட்டைப் பிரித்துத் தண்டின் அடியைத்தான் முதலில் பார்க்கிறார். ரப்பர் பேண்டு இறுக்கிய இடத்தில் அழுகல் தொடங்கியிருந்தால் அதற்கு மேலே வெட்டித்தான் நட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஈயத்தைக் கழற்றி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த வெளிர் ஊதா நீரில் சிறிது நேரம் முக்கி, தனி வாளியில் சில நாள் ஒதுக்கி வைக்கிறார். நத்தை முட்டை ஒன்று தப்பினாலும் மாடி முழுக்கப் பரவிவிடும்.

சித்திரை, வைகாசிதான் மோசமான காலம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனும் திணறும், செடியும் சோரும், பாசி மட்டும் செழிக்கும். தொட்டி மூடியைத் திறந்துவைத்து, நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறியைத் திருப்பிவிட்டால் ஆவியாகும் நீர் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். மேற்கே தள்ளிப் போகப் போக இது நன்றாக வேலை செய்கிறது, கடலோரத்தில் குறைவு. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பலர் போர் தண்ணீரை ஊற்றுவார்கள். நீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதன்மேல் இன்னும் உப்பு சேர்ந்தால் ஒரே கோடையில் செடி கருகிவிடும். அதனால் கோடைக்கென்றே மழைநீர் டிரம் ஒன்றைத் தொடாமல் வைத்திருக்கிறார். விளக்குக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: எட்டு மணி நேரத்துக்குமேல் கூடாது. விருந்தாளி வந்தால் நள்ளிரவுவரை எரியவிடும் வீடுகளில் டைமர் மாட்டிவிட்டு வருகிறார்.

வெட்டிக் கழித்த தண்டுகளை அவர் என்ன செய்கிறார் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாக்கடையில் போடுவதே இல்லை. கைப்பிடிச் சுவர்மேல் பரப்பி, மொரமொரவென்று காயவிட்டு, பிறகு ரோஜாத் தொட்டிக்கு எருவாகப் போடுகிறார். தொட்டிச் செடியின் துண்டு ஒன்று போதும், ஒரு நீர்நிலையையே மூடிவிட. நம் பகுதிக்குரிய ஹைட்ரில்லா 1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அலங்காரச் செடியாக ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே ஏரிகளையும் கால்வாய்களையும் அடைக்கும் களையானது. தென் அமெரிக்காவின் கபோம்பா வகை ஒன்று கேரளத்தில் இறங்கி, 2020-ல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டி ஓடையை இளஞ்சிவப்பாக்கியது. படம் எடுக்கக் கூட்டம் கூடியது. அழகான பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை அடையாற்றில் மிதப்பதை அக்கா பிறந்ததிலிருந்தே பார்க்கிறார். முகத்துவாரத்தில் மீன்பிடித்து வளர்ந்த குடும்பத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கொட்டியை விதையிலிருந்து எழுப்பிப் பார்க்கிறார். கதிர் விரிந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் தினமும் தடவிக் கொடுக்கிறார். விதை உதிர்ந்தால் கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு மூழ்கும். அதற்குள் வடிகட்டிப் பிடித்து ஆழமில்லாத தட்டில் சேர்க்கிறார். குளங்களிலிருந்து கிழங்கைத் தோண்டி வாங்குவதை நிறுத்திவிடலாம் என்பது அவர் கணக்கு. நாற்றுகள் விரல் நீளம்கூட வரவில்லை. கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், முன்பணமும் நீட்டுகிறார்கள். ஒருமுறை முழுதாக உறங்கி எழுந்த கிழங்கைத்தான் கொடுப்பேன், அடுத்த மழைக்கு அப்புறம் வாங்க என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.