அக்கா கழுத்தும் என் கடைவாய்ப்பல்லும்

கழுத்து வலின்னா அது பொட்டி தட்டுறவனுக்கு மட்டும்தான்னு ஆறு வருஷமா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மானிட்டர் எந்த உயரத்துல இருக்கணும், முழங்கை எங்க இருக்கணும்னு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாங்க. (தூங்கிட்டேன், அது வேற கதை.)

அக்கா மதுரையில பல் டாக்டர். தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப மேல் கடைவாய்ப்பல் ஒண்ணு உயிரை வாங்குச்சு. "வீட்டுலயே டாக்டர வச்சுக்கிட்டு சொத்தைப்பல்லோட திரியுறான் பாரு"ன்னு அம்மா திட்டி அனுப்பிவிட்டாங்க. ரூட் கெனால்.

அக்கா சேரைச் சாய்க்க ஆரம்பிச்சதும் பாதியிலயே "போதும்க்கா, மூச்சு முட்டுது"ன்னேன். அவ ஒண்ணும் சொல்லாம வேலையைத் தொடங்கிட்டா. அந்தப் பல்லுல பெரும்பாலும் நாலாவதா ஒரு கெனால், மயிரிழை மாதிரி, ஒளிஞ்சிருக்குமாம். அதைத் தேடி இருபது நிமிஷம். வாயைப் பொளந்துக்கிட்டு கிடக்குறவனுக்கு வேற என்ன வேலை, அவளையே பார்த்துக்கிட்டிருந்தேன். கழுத்து வளைஞ்சு, ஒரு பக்கமா திருகி, இடது தோள் காதுகிட்ட ஏறி, ஆளே கேள்விக்குறி மாதிரி இருந்தா. நடுநடுவுல வலது கையை உதறிக்கிட்டா.

ராத்திரி மாமாதான் மொட்டை மாடியில வச்சு சொன்னார். ஆறு மாசமா கை மரத்துப்போய் நடுராத்திரியில எழுந்து உட்கார்ந்துடுறாளாம். ஸ்கேன்ல கழுத்துத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துதுன்னு வந்திருக்கு. பாப்பாவைத் தூக்குறதையே விட்டுட்டாளாம். வயசு 33. அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு உத்தரவு வேற.

மறுநாள் அவகிட்டயே கேட்டேன். "எப்படி உட்காரணும்னு உங்களுக்கெல்லாம் காலேஜ்ல சொல்லித் தர மாட்டாங்களா?"

"ஏன்டா தராம?" படம் போட்டே விளக்கினா. அந்தக் காலத்துல டாக்டர் நின்னுக்கிட்டேதான் வேலை பார்ப்பாராம். 1958-ல அமெரிக்காவுல முழுசா சாயுற சேர் வந்த பிறகு, பேஷன்ட் படுத்துக்க டாக்டர் உட்கார்றது மெல்ல வழக்கமாச்சு. பேஷன்ட் முகத்தைக் கடிகாரமா நினைச்சுக்கணும். உச்சந்தலைதான் 12 மணி. டாக்டர் அங்க உட்காரணும், பேஷன்ட் வாய் டாக்டரோட முழங்கை உயரத்துல இருக்கணும். மேல் பல்லை எட்டிப் பார்க்கக் கூடாது, குட்டிக் கண்ணாடியில தெரியறதைப் பார்த்தே வேலை செய்யணும். அப்ப முதுகு நேரா இருக்கும்.

"ஆனா மேல் பல்லுன்னா ஆள் மல்லாந்து படுத்து தாடையைத் தூக்கணும்டா. நீ பாதியில நிறுத்திட்ட. அப்புறம் யார் குனியறது?"

சுருக்னு இருந்துச்சு. பிழை வந்தா யூசரைக் குத்தம் சொல்லியே பழகின கை இது. இங்க யூசரே நான்தான்.

வயசானவங்க படுக்கவே பயப்படுவாங்களாம். ஒவ்வொருத்தர்கிட்டயும் மல்லுக்கட்டினா வெளியில காத்திருக்கறவங்க எழுந்து போயிடுவாங்க. ஆசையா லூப்ஸ், அதாங்க கண்ணுல மாட்டுற பூதக்கண்ணாடி, வாங்கியிருக்கா. அதுல லென்ஸ் கீழ்நோக்கிச் சாயுற கோணம் அவளுக்குப் பொருந்தல. போட்டாலும் குனியணும். டிராயர்ல தூங்குது.

நம்ம தலை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிஞ்சா கழுத்துல ஏறுற பாரம் கிட்டத்தட்ட 27 கிலோன்னு 2014-ல ஒரு முதுகெலும்பு டாக்டர் கணக்குப் போட்டிருக்கார். வீட்டுக்கு வாங்குற அரிசி மூட்டையே 25தான்!

ரெண்டாவது சிட்டிங்ல முழுசா படுத்துட்டேன். தொண்டையில தண்ணி தேங்குனப்ப செத்தோம்னுதான் நினைச்சேன். "மூக்கால மூச்சு விடுடா"ன்னா. அக்கா முகம் தலைகீழாத் தெரிஞ்சுது, கழுத்து ஓரளவு நேரா. நாற்பது நிமிஷத்துல ஒரே ஒரு தடவைதான் கையை உதறினா. எண்ணிக்கிட்டே இருந்தேன்.

போன வாரம் மாமா போன் பண்ணினார். பல் மருத்துவக் கல்லூரி ஒண்ணுல பாடம் எடுக்கற வேலைக்கு அப்ளிகேஷன் வாங்கி வச்சிருக்காளாம். இன்னும் நிரப்பல.