கடலுக்கு அடியிலும் ஒரு மடைவாய்!

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வாய்க்காலில் சமர்த்தாக ஓடிவரும் தண்ணீர், மடைவாயைத் தாண்டியதும் முதலில் குழி பறிக்கும். கொஞ்சம் தள்ளிப்போய் மணலை விசிறி போலப் பரப்பும். அதனால்தான் மடைவாயில் கல்லோ பழைய சாக்கோ போட்டுவைக்கிறார்கள்.

இதே வேலை ஆழ்கடலின் தரையிலும் நடக்கிறது. அணைப்பட்டி வழியாகப் போகும் நம்ம வைகைக்கு அதில் பங்கில்லை. அதன் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். கடலைத் தொடுவதே அபூர்வம். கங்கையும் பிரம்மபுத்திராவும் அப்படியில்லை. ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. அதில் ஒரு பகுதி, வங்கதேசக் கரைக்கு அப்பால் உள்ள கடலடிப் பள்ளத்தாக்கில் இறங்கி, கால்வாய்கள் வழியே தெற்கே ஓடுகிறது. இப்படிச் சேர்ந்த மண் விசிறியின் நீளம் சுமார் 3,000 கி.மீ. உலகிலேயே பெரியது இதுதான். 2015-ல் ஓர் ஆய்வுக் கப்பல், கன்னியாகுமரியின் அட்சரேகையிலேயே, இலங்கைக்குக் கிழக்கே துளையிட்டது. மேலே வந்தது இமயமலை மண்!

சேறு கலந்த தண்ணீர் கனமானது. அதனால் கடல்நீருக்கு அடியில் தரையை ஒட்டியே பாய்கிறது. கால்வாயின் இரு கரைகளும் முடிகிற இடத்தில் சட்டென்று அகன்று, வேகம் குறைந்து, கொந்தளிக்கிறது. அங்கே தரை குழிந்துபோகும். அதைத் தாண்டி முதலில் மணல் படியும். நைசான சேறு இன்னும் தூரம் போகும். படிந்தது மேடாகிவிட்டால் அடுத்த வெள்ளம் பள்ளமான பக்கம் திரும்பிவிடும். வயலில் பார்ப்பது போலத்தான்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். கையில் இருக்கும் செல்போனின் இன்டர்நெட் கடலடி கேபிளில்தான் வருகிறது. 1929 நவம்பர் 18-ல் கனடா அருகே நிலநடுக்கம் வந்தபோது, அட்லாண்டிக்கில் 12 கேபிள்கள் அறுந்தன. அதில் பல, மணிக்கணக்கான இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சேற்று வெள்ளம்தான் காரணம் என்று விளக்கம் வந்தது 1952-ல்!

2019 கடைசியில் ஆப்பிரிக்காவின் காங்கோ நதியில் பெருவெள்ளம். 2020 ஜனவரியில் அதன் கடலடிப் பள்ளத்தாக்கில் ஒரு சேற்று வெள்ளம் கிளம்பி 1,100 கி.மீ.க்கு மேல் ஓடியது. இரண்டு கேபிள்கள் அறுந்து, பல நாடுகளில் இன்டர்நெட் தடுமாறியது. ஓட ஓடக் களைத்துப் போகவில்லை. வழியெல்லாம் தரையைப் பறித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, விநாடிக்கு 5 மீட்டராக இருந்த வேகத்தை 8 மீட்டராக்கிக்கொண்டது.